கூட்டுக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பயமே வராதா?

13 ஜூன் 2025, திருப்பத்தூர் வாசகர் ஒருவர் கேட்டது

எங்கள் காலத்தில் பிள்ளைகளுக்குப் பதட்டம், மனஅழுத்தம் என்ற பேச்சே கிடையாது. ஆயா, தாத்தா, பெரியப்பா, சித்தி என்று வீடு நிறைய ஆள் இருந்தார்கள். பயம் வந்தால் யார் மடியிலாவது போய் விழுந்தோம். தனிக்குடித்தனம் வந்தது, கூடவே பிள்ளைக்குப் பதட்டமும் வந்தது. இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

14 ஜூன், இரவு

நான் சொல்கிறேன், இல்லை.

குடியாத்தத்தில் பதினொரு பேர் இருந்த வீட்டில் வளர்ந்தவன் நான். தாத்தா, ஆயா, அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, கல்யாணமாகாத ஓர் அத்தை, பிள்ளைகள் நாலு பேர். கூடத்தில் இரண்டு குழித்தறி, லுங்கி நெய்கிற வீடு. விடிந்ததிலிருந்து இரவு வரை தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் நான் நன்றாகத் தூங்குவேன். சத்தம் நின்றால்தான் திடுக்கென்று விழிப்பு வரும்.

இத்தனை பேர் நடுவில் இருந்தும் தெருவிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி நான்தான். பத்து வயது வரை இருட்டிய பிறகு தோட்டத்துப் பக்கம் தனியாகப் போனதில்லை. பரீட்சை அன்று காலையில் வாந்தி எடுப்பேன். வெளியே போனவர்கள் வர நேரமானால் திண்ணையில் உட்கார்ந்து தெருமுனையையே பார்த்துக்கொண்டிருப்பேன். "இன்னாடா ஆச்சு?" என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பெரியவர்கள் அதற்குப் 'பயந்த கோளாறு' என்று பேர் வைத்தார்கள். தாயத்து கட்டினார்கள். சாயங்காலம் மசூதி வாசலுக்குத் தூக்கிப் போய், தொழுகை முடித்து வருகிறவர்களிடம் ஓதி ஊதச் சொன்னார்கள். பதட்டம் என்ற பேச்சு கிடையாது என்பது ரொம்பச் சரி. பேச்சு மட்டும்தான் கிடையாது.

15 ஜூன், காலை

'பதட்டம்' தவறு, 'பதற்றம்'தான் சரி என்று ஒரு நண்பர் திருத்தியிருக்கிறார். சரி. பதற்றத்தில் அடித்துவிட்டேன்.

15 ஜூன், மதியம்

திருப்பத்தூர்க்காரரை நேற்று கொஞ்சம் அதிகமாகவே வாரிவிட்டேன். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது.

எங்கள் ஆயா தாழ்வாரத்தில் ராட்டை போட்டுத் தார் (தறிக்குப் போகும் குறுக்கு நூல்) சுற்றிக்கொண்டிருப்பாள். வீட்டில் யார் யாரைத் திட்டினாலும் நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். ஏன், என்ன என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். காலியான தார்க்குச்சியை எடுத்துக் கொடுக்கச் சொல்வாள். பத்து குச்சி எடுத்துக் கொடுப்பதற்குள் வயிற்றைப் பிசைவது அடங்கிவிடும். நம்பிக்கையான பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தாலே, பயப்படும் சிறு குழந்தையின் உடம்பில் கார்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோன் ஏறுவது மட்டுப்படுகிறது என்று அமெரிக்காவின் மின்னசோட்டாவில் மேகன் கன்னர் என்ற ஆராய்ச்சியாளர் பல வருஷம் குழந்தைகளின் எச்சிலைச் சோதித்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். ஆயாவுக்குக் கார்டிசால் தெரியாது. தறிக்குத் தார் பத்தவில்லையே என்பதுதான் அவள் கவலை.

ஆக, பத்து மடி இருப்பது பிள்ளைக்குப் பலம்தான். ஆனால் பத்து மடி இருக்கிற வீட்டில் பத்து முகமும் இருக்கும். அதை அவர் விட்டுவிட்டார்.

16 ஜூன்

முகத்துக்கும் பயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

1985இல் அமெரிக்காவில் சோர்ஸ், எம்டே, காம்போஸ், கிளின்னர்ட் என்ற நாலு பேர் செய்த சோதனை இது. மேலே கண்ணாடி போட்ட ஒரு மேடை. பாதி தூரம் தாண்டியதும் கண்ணாடிக்கு அடியில் தரை ஓர் அடி பள்ளமாகத் தெரியும். விழ முடியாது, ஆனால் பார்த்தால் விழுந்துவிடுவோம் போலிருக்கும். ஒரு வயசுக் குழந்தையைத் தவழ விட்டார்கள். எதிர்ப்பக்கம் அம்மா நிற்கிறாள். அவள் வாயைத் திறக்கக் கூடாது, முகம் மட்டும்தான். பள்ளம் தெரியும் இடத்தில் குழந்தை நின்று அம்மாவை நிமிர்ந்து பார்க்கிறது. சிரித்த முகத்தைப் பார்த்த 19 குழந்தைகளில் 14 பேர் தாண்டிப் போய்விட்டார்கள். பயந்த முகத்தைப் பார்த்த 17 பேரில் ஒருவர்கூடத் தாண்டவில்லை.

இதைப் படிக்கும் முன்பே எங்கள் வீட்டில் ஒரு தடவை நடந்திருக்கிறது. 2021 டிசம்பரில் பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் லேசாகச் சில தடவை பூமி அதிர்ந்தது ஞாபகம் இருக்கும். அப்போது நாங்கள் பேரணாம்பட்டில் மாமியார் வீட்டில் இருந்தோம். பரணில் கவிழ்த்து வைத்த பாத்திரமெல்லாம் கடகடவென்று ஆடியது. என் பெண்ணுக்கு அப்போது அஞ்சு வயசு. அவள் பாத்திரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் பார்த்த பார்வையும் போட்ட கூச்சலும் அப்படி. வீறிட்டு அழுதாள். மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக்கூடக் கீழே வைக்காமல், "ஒண்ணும் இல்ல கண்ணு, பூமி சோம்பல் முறிக்குது, வா வெளியே போலாம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். வாசலுக்குப் போவதற்குள் அழுகை நின்றுவிட்டது. நான் செருப்புகூடப் போடாமல் அவர்களுக்கு முன்னால் தெருவில் நின்றிருந்தேன்.

17 ஜூன்

ஊர் பயந்தால் வீடும் பயப்படும். 2018 ஏப்ரல், மே மாதங்களில் புள்ளை பிடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள் என்று வாட்ஸப்பில் பரவியதே, நம் பக்கம் இருக்கிறவர்களுக்கு அதைச் சொல்லவே வேண்டாம். போளூர் பக்கம், பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காகச் சென்னையிலிருந்து வந்த வயதான பெண்மணியை அடித்தே கொன்றார்கள். ஒரு வதந்திக்கு உயிர் போனது. அந்த ஒரு மாதமும் தெருவில் விளையாட விடாமல் கதவைச் சாத்தி வைத்த வீடுகளில், பிள்ளைகள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

என் அம்மாவுக்கு அதற்கு வதந்திகூடத் தேவையில்லை. வைகாசி ஒண்ணாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. குடியாத்தமே திரண்டு கவுண்டன்யா ஆற்றங்கரையில் நிற்கும். அந்தக் கூட்டத்தில் அம்மா தன் முந்தானை முனையை என் அரைஞாண் கயிற்றில் முடிந்து வைத்திருப்பாள். அம்மனின் சிரசு ஊர்வலமாக வரும்போது எல்லாப் பிள்ளைகளும் அப்பா தோளில் ஏறிப் பார்க்கும். நான் அம்மாவின் இடுப்பு உயரத்தில் நின்று முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் பயம் முழுக்க அவளிடமிருந்து வந்ததுதான் என்பது என் முடிவு.

19 ஜூன்

வேலூர் வெயிலில் பெரியவனுக்கே பதற்றம் வரும், பிள்ளைக்கு வராதா என்று காட்பாடி நண்பர் கேட்கிறார். நூற்றுப்பத்து டிகிரியில் வருவதற்குப் பேர் பதற்றம் இல்லை அய்யா, அது மோர் தேவைப்படுகிற நிலை.

இன்னொருவர் கிண்டலாக, சிரசுத் திருவிழா ஊர்க்காரன் குடும்ப உறவைப் பற்றிப் பேசலாமா என்கிறார். அப்பன் சொன்னான் என்று பெற்ற தாயின் தலையை மகன் வெட்டியது, தலை ஒன்று உடம்பு ஒன்றாக அவள் மீண்டும் எழுந்து வந்தது, இதை வருஷா வருஷம் கொண்டாடுகிற ஊர் எங்களுடையது. அந்தப் பரசுராமன் அன்று ராத்திரி தூங்கியிருப்பானா என்று சின்ன வயதில் ஆயாவைக் கேட்டிருக்கிறேன். "வாய மூட்றா" என்றாள்.

22 ஜூன், ஞாயிறு

என் பெண்ணைப் பற்றி எழுதலாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன். அவளிடமே கேட்டேன். "எழுதுப்பா, ஆனா நான் அழுததை எழுதாத" என்றாள். பூமி அதிர்ந்தபோது அழுததை முன்பே எழுதிவிட்டேன், அதற்கு மன்னிப்பு வாங்கியாயிற்று.

ஒன்பது வயசு. நாங்கள் சத்துவாச்சாரியில் தனிக்குடித்தனம், மூன்றே பேர். நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். போன வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள் நான் வந்த பஸ் ரத்தினகிரி பக்கம் நின்றுவிட்டது. போனில் சார்ஜ் இல்லை. ஏழரைக்கு வருகிறவன் பதினொன்றுக்கு வீடு சேர்ந்தேன். அதற்குள் மனைவி ஊர் முழுக்கப் போன் செய்து, எந்த ஆஸ்பத்திரியில் போய்ப் பார்ப்பது என்கிற அளவுக்குப் போய்விட்டிருந்தாள். பெண் தூங்காமல் சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரத்திலிருந்து வயிற்றுவலி. காலை ஏழு மணிக்குத் தொடங்கும், பள்ளிக்கூட நாளில் மட்டும். ஒரு டாக்டர் பூச்சி மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையில் வலியும் இல்லை. இந்த இரண்டாவது சோதனைக்குச் செலவே கிடையாது, அதை முதலில் செய்திருக்கலாம். வகுப்பு டீச்சர் "நடிக்கிறா சார்" என்றார். நடிப்பு இல்லை. பயம் வந்தால் குடலும் சேர்ந்துதான் முறுக்கிக்கொள்ளும். பரீட்சை அன்று வாந்தி எடுத்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் நான் இரண்டு தடவை அவளை அதட்டியிருக்கிறேன்.

கடைசியில் ஓர் ஆலோசகரிடம் போனோம். பெண்ணிடம் கொஞ்ச நேரம்தான் பேசினார். அப்புறம் எங்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, "காலை ஆறிலிருந்து ராத்திரி தூங்கும் வரை, இவள் பயப்படுகிறாள் என்பதற்காக நீங்கள் செய்வதையெல்லாம் எழுதுங்கள்" என்றார். நான் மூன்று வரி எழுதினேன். மனைவி வாங்கி, தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினாள். வகுப்பு வாசல் வரை பையைத் தூக்கிப் போவது. முதல் மணி அடிக்கும் வரை கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பது, அவள் ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரி. மதியச் சாப்பாட்டைக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பது. ராத்திரி எங்கள் நடுவில் படுக்க வைப்பது. "அப்பா எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்கும்போதெல்லாம் பதில் சொல்வது, அதுவும் அவள் கேட்டபடி, நிமிஷத்தோடு. பிறகு, நான் பத்தரைக்கும் ஒன்றரைக்கும் நாலுக்கும் போன் செய்வது. இந்தக் கடைசி வரி என் மூன்றில் இல்லை. அது அவளுக்காகச் செய்வது என்றே எனக்குத் தோன்றியதில்லை. யோசித்தால், எனக்காகத்தான் செய்திருக்கிறேன்.

இதெல்லாம் பாசம்தான், தப்பில்லை என்றார் அவர். ஆனால் ஒவ்வொரு தடவையும் பயம் உடனே அடங்கிவிடுவதால், தானாக அடங்கும் என்று பிள்ளை கண்டுபிடிக்க இடமே இல்லாமல் போகிறதாம். பயத்துக்கு நாம் வேளாவேளைக்குச் சோறு போடுகிறோம், அது வளர்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்பவர் இதை வைத்தே ஒரு சிகிச்சை முறையைச் செய்திருக்கிறார். பிள்ளையை அழைத்து வரவே வேண்டாம், பெற்றவர்கள் மட்டும் 12 தடவை வந்தால் போதும். 2020இல் வெளியான சோதனையில் 7 முதல் 14 வயது வரை 124 பிள்ளைகள். பாதிப் பேருக்குப் பிள்ளையோடு நேராகப் பேசிச் செய்யும் வழக்கமான சிகிச்சை, மீதிப் பிள்ளைகளுக்குப் பதில் அவர்களைப் பெற்றவர்களுக்கு மட்டும் சிகிச்சை. பலனில் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை.

எங்களுக்கு அவர் கொடுத்தது இரண்டே வாக்கியம்: "உனக்குப் பயமா இருக்குன்னு எனக்குத் தெரியுது. உன்னால சமாளிக்க முடியும்னும் எனக்குத் தெரியுது." முதல் வாக்கியத்தைச் சொல்லாமல் இரண்டாவதை மட்டும் சொன்னால் அதட்டல். முதலாவதை மட்டும் சொன்னால் தாலாட்டு. சொல்லிப் பாருங்கள், சுலபமாகத் தெரியும். காலை ஏழு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளையிடம் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

23 ஜூன்

வேப்பமரத்தடியில் நிற்பதை இன்று நிறுத்தினோம். மனைவி கேட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். பெண் என்ன செய்தாள் என்பதை அவள் கேட்டுக்கொண்டபடி எழுதவில்லை.

29 ஜூன்

ஆம்பூரிலிருந்து ஒரு தாய் எழுதியதைப் படித்தீர்களா? "அப்படியென்றால் எல்லாம் பெற்றவர்கள் தப்புதானா?" என்று கேட்கிறார். இரண்டு பிள்ளைகளையும் ஒரே மாதிரிதான் வளர்த்திருக்கிறார். மூத்தவன் புலி, இளையவள் நிழலுக்கும் பயப்படுவாள்.

நான் எழுதியது அளவுக்கு மீறிவிட்டது, திருத்திக்கொள்கிறேன். 2007இல் மெக்லியாட், வுட், வைஸ் மூவரும் 47 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். பிள்ளைகளின் பதற்றத்தில் ஒருவருக்கொருவர் உள்ள வித்தியாசத்தில், வளர்ப்பு முறை விளக்குவது சுமார் 4 சதவீதம்தான். ஊர் முழுக்க அம்மாக்களைப் பிடித்துத் திட்டுகிறோமே, அந்த வளர்ப்புக்கு நாலே சதவீதம். ஆனால் அதற்குள்ளேயே பிரித்துப் பார்த்தால், பிள்ளையைத் தானாகச் செய்ய விடுகிறோமா இல்லையா என்ற ஒன்று மட்டும் 18 சதவீதம் வரை போகிறது. பாசம் குறைவு என்பதைவிட, விட மாட்டேன் என்று பிடித்துக்கொள்வதுதான் பதற்றத்தோடு அதிகம் ஒட்டி வருகிறது.

பிறவிக் குணமும் உண்டு. ஹார்வர்டில் ஜெரோம் ககன் நாலு மாதக் குழந்தைகளுக்குப் புதுப் பொம்மை, புதுச் சத்தம், புது வாசனை காட்டிப் பார்த்தார். அஞ்சில் ஒரு குழந்தை கைகால் உதறி அழுதது. அந்தக் குழந்தைகளில்தான் பின்னால் கூச்சமும் ஒதுங்குதலும் அதிகம். ஆனால் எல்லோரும் அப்படி ஆகிவிடவில்லை. ஆம்பூர் அம்மாவின் இளையவள் அந்த அஞ்சில் ஒருத்தியாக இருக்கலாம். இரட்டையர் ஆய்வுகளும் பதற்றத்தில் 30 முதல் 50 சதவீதம் மரபணு என்கின்றன.

அதே சமயம் ஸ்வீடன் குடும்பங்களை வைத்து 2015இல் வந்த ஆய்வு ஒன்று சுவாரசியமானது. நம் உறவு முறையில் சொல்கிறேன். ஓர் அம்மாவும் பெரியம்மாவும் அச்சு அசல் ஒரே மாதிரி இரட்டைப் பிறவி என்று வையுங்கள். மரபணுப்படி பார்த்தால் பெரியம்மாவும் அந்தப் பிள்ளைக்கு அம்மா மாதிரிதான். பயம் ரத்தத்தில் மட்டும் வருவதாக இருந்தால், பெரியம்மாவின் பயத்தோடும் பிள்ளையின் பயம் அதே அளவுக்கு ஒத்துப்போக வேண்டும். போகவில்லை. கூட இருந்து வளர்க்கிறவரின் பயத்தோடுதான் ஒத்துப்போனது. அதிலும் இன்னொரு பக்கம் இருக்கிறது, பிள்ளை பயந்தால் பெற்றவர்களும் பயப்படுகிறோம். யார் யாருக்குக் கொடுத்தோம் என்று கடைசியில் பிரிக்க முடியாது.

ஆம்பூர் அம்மா, தப்பு என்ற சொல்லே இங்கே பொருந்தாது. நான் அந்தத் தொனியில் எழுதியிருந்தால் அது என் வீட்டுக் கோபம்.

6 ஜூலை

சண்டையைப் பற்றிக் கேட்டவருக்கு. புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டாலே பிள்ளை கெட்டுப்போகும் என்பது இல்லை. மார்க் கம்மிங்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இதையே வாழ்க்கை முழுக்கப் பார்த்தவர். சண்டை எப்படி முடிகிறது என்பதுதான் கணக்கு. பிள்ளை கண்ணெதிரே சமாதானம் ஆனால் பாதி வேதனை போய்விடுகிறது. கதவைச் சாத்திக்கொண்டு சமாதானம் ஆகிவிட்டு, வெளியே வந்து "பேசித் தீர்த்துக்கிட்டோம்" என்று சொன்னால்கூட உதவுகிறது. உதவாதது, முடியாமல் இழுத்துக்கொண்டே போகும் சண்டை. பேசாமல் இருக்கும் சண்டையும் அதில் சேர்த்தி. பிள்ளைக்கு முன்னால் நாங்கள் சத்தம் போடுவதே இல்லை என்று பெருமைப்படுகிற வீடுகள் இதைக் கவனிக்கலாம். எங்கள் வீடும் அப்படித்தான், ஒரு நாள் சத்தம் கேட்டதில்லை.

12 ஜூலை

அக்கா பள்ளிகொண்டாவில் இருக்கிறாள். அவள் மகன் இதையெல்லாம் படித்துக் காட்டிவிட்டான் போல. காலையிலேயே போன். "இன்னாடா, எங்கம்மாவ ஊரறியக் கேவலப்படுத்தினு கீற?"

அவள் சொன்னதை அப்படியே இங்கே போடுகிறேன், நான் எழுதியதற்குத் திருத்தமாக.

முதலாவது, முந்தானை முடிச்சு. அதற்கு முந்தின வருஷம் சிரசுக் கூட்டத்தில் நான் நிஜமாகவே தொலைந்துபோயிருக்கிறேன். இரண்டு மணி நேரம் தேடி, ஆற்றங்கரையில் ராட்டினத்துக்காரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நான் அழவே இல்லையாம், ராட்டினம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேனாம். எனக்குத் துளியும் ஞாபகம் இல்லை. அழாமல் உட்கார்ந்திருந்தவன் எப்படிப் பிறவிப் பயந்தாங்கொள்ளி ஆனான் என்று கேட்கிறாள். பதில் இல்லை.

இரண்டாவது, சுவர். வாந்தி எடுக்க ஆரம்பித்தது நான் இரண்டாவது படிக்கும்போது, சுவர் எழுப்பிய வருஷம். சுவர் எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஆனால் அதையும் வாந்தியையும் சேர்த்து யோசித்ததே இல்லை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பாவு நூல் கடன் விஷயமாகத் தகராறு. பாகம் பிரிந்து, கூடத்தின் நடுவில் இரண்டு தறிக்கும் இடையில் செங்கல் சுவர் வைத்தார்கள். இந்தப் பக்கம் ஒரு தறி, அந்தப் பக்கம் ஒரு தறி. ஏழெட்டு மாசம் அண்ணன் தம்பி பேசவில்லை. சேதி சொல்லப் போவது நான். "உங்க சித்தப்பன்கிட்ட போய்ச் சொல்லு, நூல் காசு இன்னும் வரலன்னு." நான் வாசல் வழியாகச் சுற்றிப் போவேன். அங்கிருந்து, "உங்கப்பனுக்கு அவ்ளோ அவசரமா இருந்தா அவனையே வரச்சொல்லு." திரும்பி வரும்போது திண்ணையில் கொஞ்சம் நின்று வார்த்தையை மாற்றுவேன். "சித்தப்பா அடுத்த வாரம் தர்றேன்னுச்சு." பொய் சொல்கிறோம் என்று பயம். நிஜத்தைச் சொன்னால் என்ன ஆகுமோ என்று அதைவிடப் பயம்.

அக்கா கடைசியாகச் சொன்னதுதான் தூக்கிவாரிப்போட்டது. "தறி நின்னா நீ எழுந்து உக்காருவ. யாரு தறி நின்னுதுன்னு கேப்ப." இரண்டு தறியும் ஓடினால் சண்டை இல்லை. ஒன்று நின்றால் யாரோ எழுந்து யாரையோ கேட்கப் போகிறார்கள். முதல் நாள் இங்கே என்னவோ நெசவுக்காரன் பெருமை மாதிரி எழுதினேன், சத்தம் நின்றால் விழிப்பு வரும் என்று.

13 ஜூலை, விடியற்காலை

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் சத்தம் கிடையாது என்று போன வாரம் எழுதினேன். உண்மை. கோபம் வந்தால் நானும் மனைவியும் பேச மாட்டோம். இரண்டு நாள், சில சமயம் நாலு நாள். நான் ஹாலில், அவள் சமையலறையில், நடுவில் பத்தடி. "அம்மாகிட்ட கேளு, சாப்பாடு ஆச்சான்னு" என்பேன். உள்ளே இருந்து, "வேணும்னா வந்து போட்டுக்கச் சொல்லு" என்று சொல்வது எனக்கே கேட்கும். பெண் வந்து, "அம்மா உன்ன சாப்பிட வரச் சொன்னாங்கப்பா" என்பாள்.

அந்த மாற்றிச் சொல்லுகிற வேலையை நான் திண்ணையில் நின்று செய்திருக்கிறேன். அவளுக்குத் திண்ணைகூட இல்லை, பத்தடி நடப்பதற்குள் மாற்ற வேண்டும்.

ரத்தினகிரியில் நின்ற பஸ்தான் காரணம் என்று ஆலோசகரிடம் சொன்னேன். அந்த ராத்திரிக்கு முந்தின மூன்று நாளும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லவில்லை. ஞாபகம் வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அது முழு உண்மையா என்று தெரியவில்லை. அப்பா வீட்டுக்கு வராமலே போய்விடுமோ என்று அவள் நினைத்ததற்குப் பஸ் மட்டும் காரணமாக இருந்திருக்காது.

13 ஜூலை, இரவு

மனைவியிடம் மேலே எழுதியதைப் படித்துக் காட்டினேன். "இதை எனக்குச் சொல்றதுக்கு முன்னாடி ஊருக்குச் சொல்லிட்டியா?" என்றாள். அதுவும் சரிதான். அப்புறம் நேராகவே பேசினோம்.

19 ஜூலை

சேர்ந்துபோன கேள்விகளுக்கு.

எப்போது டாக்டரிடம் போவது? எட்டு மாதத்திலிருந்து இரண்டு மூன்று வயது வரை அம்மாவை விட்டால் அழுவது வளர்ச்சியின் ஒரு பகுதி, அதற்கு எங்கேயும் ஓட வேண்டாம். பள்ளி வயதில், பிரிய மாட்டேன் என்ற பயம் நாலு வாரத்துக்கு மேல் நீடித்து, பள்ளிக்கூடமும் தூக்கமும் கெட்டால் காட்டிவிடுங்கள். முதலில் பேசிப் பார்க்க வேண்டுமானால் 14416, அரசாங்கத்தின் டெலி மானஸ் எண், தமிழிலும் பேசுவார்கள், காசு இல்லை.

மனநலம் என்றால் 'பாகாயம் போனவன்' என்று நம் ஊரில் கிண்டல் செய்வதை ஒருவர் எழுதியிருந்தார். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு அந்தப் பாகாயத்தில் இருக்கும் மனநல மையத்தில், நோயாளியோடு வீட்டார் ஒருவரும் கூடத் தங்கும் பழக்கம் ஆரம்ப காலத்திலிருந்தே உண்டு. அமிர்தசரஸில் வித்யாசாகர் என்ற டாக்டர் 1950களிலேயே ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரம் போட்டு வீட்டாரைத் தங்க வைத்தார். நோய் ஒருவருக்கு, ஆனால் வீடு முழுக்க வந்து உட்கார வேண்டும் என்பதை நம் நாட்டில் அப்போதே கண்டுபிடித்துவிட்டார்கள். கிண்டல் செய்கிற நமக்குத்தான் தெரியவில்லை.

மசூதி வாசலில் ஓதி ஊதுவதைப் பற்றி முதல் நாள் நான் இளக்காரமாக எழுதியதாக பேரணாம்பட்டு நண்பர் வருத்தப்பட்டிருந்தார். யோசித்தேன். அம்மா தூக்கிக்கொண்டு போவாள், வெள்ளைத் தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் குனிந்து, முணுமுணுத்து, என் உச்சியில் மெல்ல ஊதுவார். அத்தர் வாசனை வரும். திரும்பி நடக்கும்போது அம்மாவின் தோள் தளர்ந்திருக்கும். எனக்குக் குணமானது அங்கேதான் போல. ஊதியது எனக்கு, பயம் போனது அவளுக்கு, அவள் தோளில் இருந்தவன் நான். இளக்காரத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டு நிலவரம்: நடுவில் காய்ச்சலில் மூன்று நாள் லீவு. திரும்பப் போகும்போது பழையபடி முதலிலிருந்து எல்லாம். ஒரு நாள் மனைவி மனசு கேட்காமல் வேப்பமரத்தடிக்குப் போய் நின்றுவிட்டாள். நான் திட்டவில்லை, எனக்கு அருகதை இல்லை, அன்று நானும் பத்தரைக்குப் போன் செய்திருந்தேன்.

27 ஜூலை

திருப்பத்தூர்க்காரர் ஒன்றரை மாதம் கழித்துத் திரும்ப வந்திருக்கிறார்: "கடைசியில் கூட்டுக் குடும்பம் நல்லதா கெட்டதா?" சுவருக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டேன். அவர் வீட்டிலும் ஒரு சுவர் உண்டாம். ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கிக்கொண்டு நேரில் வருகிறேன், பேசலாம் என்றிருக்கிறார். தாராளமாக வரட்டும்.

5 ஆகஸ்ட்

பத்தரை மணிப் போனை நிறுத்தி எட்டு நாள் ஆகிறது. பத்தரைக்குக் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறது. கணக்கு நோட்டை இழுத்து வைத்துக்கொள்கிறேன். பக்கத்துச் சீட்டுக்காரர், "இப்பல்லாம் வேல நல்லா செய்யிற" என்கிறார்.

நேற்று திங்கட்கிழமை. காலையில் வலி இருந்தது. இரண்டு வாக்கியத்தையும் சொல்லி அனுப்பினோம், பையை அவளே மாட்டிக்கொண்டாள். சாயங்காலம் வந்து கேட்டேன், வலி எப்போது போனது என்று. யோசித்தாள். முதல் பீரியட் வரை இருந்ததாம். அப்புறம் கணக்கு டீச்சர் போர்டில் வரச் சொன்னாராம்.

"அப்புறம்?"

"மறந்துட்டேன்பா" என்றாள், பென்சிலை எங்கேயோ வைத்துவிட்டவள் மாதிரி.